சேதுராமய்யர் எந்த ஊர்க்காரர்?

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தென்புறத்தில், இலட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்த பகுதி ஸ்ரீவராகம். இங்கும், கோட்டைக்குள்ளும், கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களிலும் தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம் என்பது இவர்களின் வழக்கம். வீட்டுத் தமிழிலும் மலையாளம் கலந்தே ஒலிக்கும். தமிழகத்தார்க்கு இவர்கள் மலையாளத்துக்காரர்கள், மலையாளிகளுக்கோ தமிழர்கள். இவ்வாறு இரு பக்கத்தாலும் பாதி அயலாராகக் கருதப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து, மலையாளத் திரையின் நெடுங்காலத் துப்பறியும் நாயகன் உருவாக்கப்பட்டது ஏன் என்னும் கேள்வி, வெறும் திரைப்பட இரசனையோடு முடிந்துவிடுவதன்று. அதற்குள் திருவிதாங்கூர் வரலாற்றின் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது.

1988-இல் வெளிவந்த 'ஒரு சிபிஐ டைரிக்குறிப்பு' திரைப்படத்தில் மத்தியப் புலனாய்வு அதிகாரி சேதுராமய்யராக மம்முட்டி தோன்றினார். நெற்றியில் குறி, பின்னால் கட்டிய கைகள், உயராத குரல், ஆயுதத்தை நாடாத அறிவு ஆகியவை அப்பாத்திரத்தின் அடையாளங்கள். அடுத்த ஆண்டே 'ஜாக்ரதா' வந்தது. 2004, 2005, 2022 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று படங்கள் தொடர்ந்தன. ஐந்துக்கும் எழுத்து எஸ்.என். சுவாமி, இயக்கம் கே. மது, நாயகன் மம்முட்டி. 34 ஆண்டுகள் ஒரே எழுத்தாளரும் ஒரே இயக்குநரும் ஒரே நடிகரும் ஒரு துப்பறியும் பாத்திரத்தைக் காத்துவந்தது அரிதான நிகழ்வு.

இதனோடு ஒப்பிடத்தக்கது பிரிட்டனின் 'மிட்சோமர் மர்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடர். கரோலின் கிரகாமின் நாவல்களை அடியொற்றி 1997-இல் தொடங்கிய அத்தொடர், கற்பனையான ஒரு மாவட்டத்தின் அழகிய சிற்றூர்களில் நிகழும் கொலைகளைச் சொல்வது. 2011 வரை ஜான் நெட்டில்ஸ் டாம் பார்னபியாக நடித்தார். பின்னர் அப்பாத்திரத்தின் உறவினராக நீல் டட்ஜன் வந்தார். நாயகர் மாறியும் குடும்பப் பெயர் மாறவில்லை. அங்குத் துப்பறிவாளர் அம்மண்ணின் மைந்தர். தேநீர் விருந்து, தேவாலய மணி, கிரிக்கெட் ஆட்டம் என அவர் விசாரிக்கும் உலகம் அவருடையதே.

2011 மார்ச்சில் அத்தொடரின் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ஒரு நேர்காணலில், தம் தொடர் ஆங்கிலத்தன்மையின் கடைசி அரண் என்றும், சிறுபான்மை இனத்தவரைச் சேர்த்தால் அது பொருந்தாது என்றும் கூறினார். பெரும் சர்ச்சை எழுந்தது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர்ப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவர் கூற்று கண்டனத்துக்குரியது. ஆயினும் துப்பறியும் கதையின் மறைவான வேலையொன்றை அது வெளிப்படுத்திவிட்டது. ஊரில் நிகழ்ந்த கொலைக்கு ஊரார் அனைவரையும் சந்தேகிப்பது இவ்வகைக் கதையின் விதி. அப்படியானால் ஊரார் என்போர் யார் என்பதைக் கதை முதலில் வரையறுத்தாக வேண்டும். கொலையாளியைத் தேடும் முன்பே, ஊர் யாருடையது என்னும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

சேதுராமய்யர் விஷயத்தில் அத்தீர்ப்பு எவ்வாறு எழுதப்பட்டது? எஸ்.என். சுவாமி முதலில் அலி இம்ரான் என்னும் பெயரிலேயே அதிகாரியை உருவாக்கியிருந்தார் என்பதும், பிராமண அதிகாரியாக மாற்றும் யோசனை மம்முட்டியிடமிருந்து வந்தது என்பதும் பலமுறை பேசப்பட்ட செய்திகள். அலி இம்ரான் என்னும் பெயர் அதே 1988-இல் 'மூன்னாம் முற'யில் மோகன்லாலின் பாத்திரத்துக்குச் சென்றது. பெயர் மாறியதும் பாத்திரத்தின் இயல்பும் மாறியது. அடிதடிக்குப் பதிலாக நிதானம் வந்தது. உணர்ச்சிக்குப் பதிலாகத் தருக்கம் வந்தது. அய்யர் என்ற பெயரைக் கேட்டதும் கேரளப் பார்வையாளர் மனத்தில் கூர்மதி, கறாரான நேர்மை, கட்சிச் சார்பின்மை ஆகியவை எழும் என்று படைப்பாளிகள் கணித்தனர். கணிப்பு பலித்தது. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் இதே மண்ணில் அதே பெயர் எழுப்பிய எண்ணங்கள் முற்றிலும் வேறானவை.

1750-இல் மார்த்தாண்ட வர்மா திருப்படிதானத்தின் வழியே நாட்டைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்தார். அதன்பின் கோயிலும் அரண்மனையும் ஊட்டுப்புரைகளும் முறைஜபமும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து பிராமணரைத் திருவனந்தபுரத்துக்கு ஈர்த்தன. வேதம் ஓதுவோர், சமையற்காரர், இசைவாணர், கணக்கர் எனப் பலரும் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் நிருவாகத்தின் உச்சியை அடைந்தனர். கும்பகோணத்தில் பிறந்த மராத்தியப் பிராமணர் டி. மாதவராவ், அவருக்குப் பின் தமிழரான ஏ. சேஷய்ய சாஸ்திரி ஆகியோர் திவான்களாக இருந்தனர். உயர் பதவிகள் பரதேசிப் பிராமணர் கையில் குவிவதாக மண்ணின் மக்களிடையே மனக்குறை வளர்ந்தது.

1891 ஜனவரியில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம் மூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. நாயர், கிறித்தவர், ஈழவர் எனப் பலரும் அதில் இணைந்திருந்தனர். திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரர்க்கே என்பது அவ்வியக்கத்தின் குரல். மருத்துவம் பயின்றும் ஈழவர் என்பதால் அரசுப் பணி மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு அதில் மூன்றாவதாகக் கையொப்பமிட்டார். அதனால் தம் மக்களுக்குப் பயன் விளையாமையால், 1896-இல் 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவ மெமோரியலை அவர் முன்னெடுத்தார். அக்கால அரசியல் மொழியில் தமிழ்ப் பிராமண அதிகாரி வெளியூர்க்காரர், வாய்ப்பைப் பறித்தவர், நீதிக்குத் தடையானவர்.

அப்பிம்பம் சர் சி.பி. ராமசாமி அய்யரின் காலத்தில் உச்சத்தை எட்டியது. 1936 முதல் 1947 வரை அவர் திவானாக இருந்தார். ஆலயப் பிரவேசப் பிரகடனமும் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமும் தொழில் வளர்ச்சியும் அவர் காலத்துக்குரியவை. பொறுப்பாட்சிக் கிளர்ச்சியின் மீதான அடக்குமுறையும், 1946 அக்டோபரில் புன்னப்பிரை வயலாரில் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச்சூடும், தனிநாட்டு அறிவிப்பும் அக்காலத்துக்கே உரியவை. 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றில் அவர் வெட்டப்பட்டார். சில நாள்களில் திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைய ஒப்பியது. வெட்டியவர் கே.சி.எஸ். மணி. அம்பலப்புழையைச் சேர்ந்த அம்மணியின் முழுப்பெயரிலும் அய்யர் என்னும் ஒட்டு இருந்தது. ஆண்டவரும் எதிர்த்தவரும் ஒரே சமூகத்தினர். அய்யர் என்றால் அதிகாரம் என்னும் ஒற்றைப் பார்வைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. எனினும் பொது நினைவில் நின்றது திவானின் பெயரே.

1947-க்கும் 1988-க்கும் இடையே நிகழ்ந்தவை அப்பிம்பத்தைக் கரைத்தன. மக்களாட்சி வந்தது, நிலச் சீர்திருத்தம் வந்தது. சிறு அளவில் குத்தகை வருவாய் பெற்றுவந்த குடும்பங்களும் அதனை இழந்தன. படித்த இளைஞர் மும்பைக்கும் தில்லிக்கும் சென்னைக்கும் சென்றனர். அக்கிரகாரங்களில் முதியோர் எஞ்சினர். எண்ணிக்கையில் சிறியதாகவும் தேர்தல் அரசியலில் எடையற்றதாகவும் ஆன சமூகத்தை இனி யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நாயர், ஈழவர், கிறித்தவர், முஸ்லிம் என்னும் பெரும் அணிகளுக்கிடையில் எந்தப் பக்கமும் சாயாதவராகக் கற்பனை செய்யத்தக்கவர் ஒருவர் இப்போது கிடைத்தார். அதிகாரத்தை இழந்ததே அய்யருக்கு நடுநிலைமை என்னும் தகுதியைத் திரையில் பெற்றுத்தந்தது.

மாநிலக் காவல்துறை மீதான நம்பிக்கையும் இக்காலத்தில் ஆழமாகக் குலைந்திருந்தது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் கக்கயம் காவல் முகாமில் இறந்தார். மகனைத் தேடித் தந்தை ஈச்சரவாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கின் விளைவாக, 1977-இல் முதல்வர் கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. இந்த நினைவு மறையாத சமூகத்தில், உள்ளூர்க் காவலரைவிடத் தில்லியின் கட்டுப்பாட்டில் இயங்கும் அமைப்பு நேர்மையானது என்னும் எண்ணம் வேர்விடுவது இயல்பே. 'ஒரு சிபிஐ டைரிக்குறிப்பு' படத்தில், வசதியான குடும்பமொன்றின் மருமகள் மாடியிலிருந்து வீழ்ந்து இறந்ததை உள்ளூர்க் காவல்துறை தற்கொலை என்று முடித்துவிடுகிறது. பொம்மையை மாடியிலிருந்து வீழ்த்தி, உடல் கிடந்த இடத்தோடு ஒப்பிட்டு, சேதுராமய்யர் உண்மையை நிறுவுகிறார். பார்வையாளர் கண்டு மகிழ்ந்தது ஓர் அறிவியல் சோதனையை மட்டுமன்று. உள்ளூர்ச் செல்வாக்கு தோற்பதையும்தான்.

வாழ்க்கை அவ்வளவு விரைவாக முடிவுகளைத் தருவதில்லை. 1992 மார்ச்சில் கோட்டயம் கன்னியர் மடத்தின் கிணற்றில் சகோதரி அபயாவின் உடல் கண்டெடுக்கப்பட்டது. மாநிலக் காவல்துறையும் குற்றப்பிரிவும் தற்கொலை என்றன. 1993-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றது. திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2020 டிசம்பரில். 2022-இல் உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. திரையில் இரண்டரை மணி நேரத்தில் கிட்டும் தெளிவுக்கு நீதிமன்றத்தில் 28 ஆண்டுகளும் போதவில்லை. வழக்கை ஏற்ற அமைப்பு எதுவாயினும், அதனுள்ளும் அழுத்தமும் தயக்கமும் முரண்பட்ட அறிக்கைகளும் உண்டு என்பதைக் கேரளம் இவ்வழக்கில் கண்டது. 2013-இல் உச்ச நீதிமன்றமே அவ்வமைப்பைக் கூண்டுக்கிளி என்று குறிப்பிட்டது. 2020 நவம்பரில் கேரள அரசு அவ்வமைப்புக்கு அளித்திருந்த பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. சேதுராமய்யரின் ஐந்தாம் படம் 2022 மே மாதம் வெளியானபோது, அவர் பணிபுரியும் அமைப்பு மாநில அரசின் அனுமதியோ நீதிமன்ற ஆணையோ இன்றிக் கேரளத்தில் புதிய வழக்கை எடுக்க இயலாத நிலையில் இருந்தது.

மிட்சோமரில் சிறுபான்மையினர் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இங்கோ சிறுபான்மையினர் ஒருவர் கதையின் மையத்துக்கு வந்தார். இரண்டாவது மேலானது என்று உடனே சொல்லிவிடலாகாது. மையத்துக்கு வந்தவர் ஒரு நடுவர். அண்டை வீட்டுக்காரர் அல்லர். திரையில் அவர் பேசுவது மலையாளம். அவருடைய வீட்டுத் தமிழுக்குக் கதையில் இடமில்லை. ஊட்டுப்புரையில் சமைத்தவர், கோயிலில் ஓதியவர், மும்பைக்கு வேலை தேடிச் சென்றவர், கே.சி.எஸ். மணியைப் போல் எதிர்த்து நின்றவர் ஆகியோரின் வரலாறு, கூர்மதி என்னும் ஒற்றைக் குணத்துக்குள் சுருங்கிப்போனது. வெறுப்புக்குரிய பிம்பம் போய்ப் போற்றுதற்குரிய பிம்பம் வந்தபோதும், அது பிம்பமாகவே நீடிக்கிறது.

1891-இன் விண்ணப்பம் எழுப்பிய வினா நியாயமானது: இந்நாட்டின் வாய்ப்புகள் யாருக்கு? அதன் நிழலில் எழுந்த மற்றொரு வினா இன்னும் முழுமையாக விடை பெறவில்லை: எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒரு குடும்பம் ஊர்க்குடும்பம் ஆகும்? சேதுராமய்யர் ஐந்து வழக்குகளைத் தீர்த்துவைத்தார். ஸ்ரீவராகம் குளக்கரையில் இரு மொழிகளில் வாழ்ந்துவரும் குடும்பங்களின் வழக்கை வரலாற்று மாணவர்கள்தாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.