சராசரி சொல்லாத கணக்கு: கோல்ஃப் மைதானப் பராமரிப்பு மேலாளர்களின் ஊதியம்

அமெரிக்காவில் கோல்ஃப் மைதானத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவரை சூப்பரின்டென்டன்ட் என்று அழைக்கிறார்கள். குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பகுதியின் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருப்பது முதல் நீர்ப்பாசனம், பூஞ்சை நோய்த் தடுப்பு, பணியாளர் நிர்வாகம் வரை அனைத்தும் அவரைச் சார்ந்தவை.

இவருக்கு எவ்வளவு ஊதியம் தகும்? அரசுப் புள்ளிவிவரம் இதில் அதிகம் உதவாது. அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது; பூங்கா, புல்வெளிப் பணிகளின் மேற்பார்வையாளர்கள் அடங்கிய பொதுப் பிரிவே உள்ளது.

இந்தக் குறையை ஈடுசெய்வது 1926ல் தோன்றிய சூப்பரின்டென்டன்ட்களின் தேசியச் சங்கம். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அது நடத்தும் ஊதியக் கணக்கெடுப்பே துறையின் அளவுகோலாகக் கருதப்படுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சராசரி ஆண்டு ஊதியம் ஒரு லட்சம் டாலர்களைக் கடந்திருந்தது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அந்நாட்டிலுள்ள சுமார் 16,000 மைதானங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுமக்களுக்குத் திறந்தவை. அவற்றில் பல, நகராட்சிகளின் சிக்கனமான வரவு செலவுத் திட்டத்தில் இயங்குபவை. செல்வந்தர்களின் தனியார் கிளப்புகள் வழங்கும் பெருந்தொகைகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. சிறு நகர மேலாளர் ஒருவர் அந்தச் சராசரியைக் காட்டி ஊதிய உயர்வு கேட்டால், நிர்வாகக் குழு எளிதில் மறுத்துவிடலாம். மாறாக, அனைவரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் ஊதியத்தை எடுத்து, அதையும் மைதானத்தின் வகை, குழிகளின் எண்ணிக்கை, பராமரிப்புக்கான ஒதுக்கீடு ஆகியவற்றோடு பொருத்திக் காட்டினால் அவரது வாதம் நிற்கும். சங்கத்தின் தொழில்முறைச் சான்றிதழ் பெற்றவர்களின் சராசரி மற்றவர்களைவிட உயர்ந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. வீடு, வாகனம் போன்ற சலுகைகள் அடிப்படை ஊதியத்தில் அடங்குவதில்லை என்பதை இரு தரப்புமே வசதிப்படி மறந்துவிடுவதுண்டு.

முதலாளிகள் தமக்குள் ஊதிய விவரங்களைப் பகிர்ந்துகொள்வது வேறு விதமான ஆபத்து. அது ஊதியத்தைக் கூட்டாக அடக்கி வைக்கும் சதியாக மாறக்கூடும். மூன்றாம் தரப்பு திரட்டிய, மூன்று மாதங்களுக்கு மேல் பழமையான, குறைந்தது ஐந்து நிறுவனங்களின் தொகுப்புத் தகவல் என்றால் வழக்கு வராது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. மருத்துவத் துறைக்காக 1990களில் எழுதப்பட்டு, பிற துறைகளும் பின்பற்றிய அந்த வழிகாட்டுதலை அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2023 பிப்ரவரியில் விலக்கிக்கொண்டது.

தனி மேலாளருக்கு இதைவிட நேரடியாக உதவுவது வேறொரு சட்டம். வேலை விளம்பரத்திலேயே ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்று கொலராடோ மாநிலம் 2021ல் கட்டாயமாக்கியது. 2023ல் கலிபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க் மாநிலங்களும் இவ்வழியில் சென்றன. பக்கத்து மைதானம் என்ன தரத் தயாராக இருக்கிறது என்பதை அறிய, அங்கெல்லாம் அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்கத் தேவையில்லை.