கண்மாய்க்கரைச் சரளையும் சைக்கிளும்

'கிராவல்' என்ற சொல் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சாலை ஒப்பந்தக்காரரும், லாரி ஓட்டுநரும், ஊராட்சி மதிப்பீடு தயாரிப்பவரும் அன்றாடம் புழங்கும் சொல் அது. அதே சொல்லை மேலைநாட்டார் இன்று ஒரு சைக்கிள் விளையாட்டுக்குப் பெயராக்கியிருக்கின்றனர். தார்ச்சாலையை விட்டு விலகி, காட்டையும் நீர்நிலையையும் ஊடறுத்துச் செல்லும் சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு ஓட்டுவது அதன் இலக்கணம். இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டிலேயே கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூரில் 2006-இல் சில பத்துப் பேருடன் ஒரு பந்தயம் தொடங்கிற்று. 2022-இல் இத்தாலியில் இதற்கு உலகச் சாம்பியன் பட்டப் போட்டியே நடந்தேறியது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் வாழும் நமக்கு இச்செய்தியைப் படிக்கையில் ஒரு குறுநகை தோன்றாமல் இராது. அந்த விளையாட்டுக்கு உரிய சக்கரத்தின் அகலம் ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை என்கிறார்கள். நம்மூர்ப் பால்காரரின் சைக்கிளில் இருந்த டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். அதாவது 38 மில்லிமீட்டர். சென்னை அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டியும், அட்லஸும், ஹீரோவும் இந்த அளவுடனேயே கரிசல் காட்டுக்குள் வந்தன. சேலை மூட்டையும், விறகும், கருப்பட்டியும், மீன்கூடையும் அவற்றின் கேரியரில் ஏறின. பெடலை மிதித்தவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. (அட்லஸ் நிறுவனத்தின் கடைசி ஆலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது. அந்நாள் உலக சைக்கிள் நாளாகவும் அமைந்ததை ஊழின் கேலி என்றுதான் கொள்ள வேண்டும்.)

இந்தச் சைக்கிள்கள் எந்தப் பாதையில் ஓடின என்பதே நாம் இங்கு ஆராய விழைவது.

கரிசலில் பாதை அமைப்பது எளிதன்று. கோடையில் அந்த மண் வெடித்துப் பிளக்கும்; வெடிப்பில் சக்கரம் சிக்கும். மழை பெய்தாலோ களியாகிச் சக்கரத்தில் அப்பும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மண் இறுகியபின் சக்கரம் சுழலாது. அப்போது சைக்கிளில் மனிதன் போவதில்லை. மனிதன்மேல் சைக்கிள் போகும். குச்சியொன்றை எடுத்து மண்ணைக் குத்திக் குத்தி வெளியேற்றியபடியே ஊர் வந்து சேர்ந்தவர்கள் நம் தந்தையர் தலைமுறையில் பலர். இத்தகைய நிலத்தில், ஆண்டு முழுதும் ஓரளவேனும் நம்பத்தகுந்ததாக இருந்த பாதை கண்மாய்க்கரை ஒன்றே. சுற்றுப்புறத்தைவிட உயர்ந்தது, நீர் தேங்காதது, வண்டியும் ஆடுமாடும் நடந்து நடந்து இறுகியது. பல கரைகளின் தலைப்பில், களிமண் வெடிக்காதிருக்கும் பொருட்டுச் செம்மண் சரளையும் பரப்பினார்கள்.

ஆகவே, நம் வட்டாரத்துச் சரளைப் பாதையின் வரலாறு கண்மாயின் வரலாறேயாகும். சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பெய்யும் நாட்டில், அதைத் தேக்காமல் வாழ்வில்லை. நிலம் குழிந்த இடங்களிலெல்லாம் நீரைத் தேக்குவோரே உலகில் தம் பெயரை நிறுத்துவோர் என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்தியதைப் புறநானூற்றின் 18-ஆம் பாடல் காட்டுகிறது. பாடம் சொல்லும்போது இப்பாட்டை வெறும் செவியறிவுறூஉவாகக் கடந்து போகிறோம். இந்த நிலத்தில் நின்று படித்தால் அது ஒரு பொறியியல் குறிப்பு. ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் அடுத்ததற்கும், அதன் கலுங்கு அதற்கடுத்ததற்கும் எனச் சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஏற்பாடு இது. குண்டாறு திருச்சுழியைத் தொட்டு, கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகள் வழியே கடலை நாடுகிறது. திருச்சுழி சுந்தரர் பாடல் பெற்ற தலம். இரமணர் 1879-இல் பிறந்த ஊர். பெருவெள்ளத்தைச் சிவபெருமான் நிலத்தின் சுழிக்குள் வடியச் செய்தார் என்பது தலபுராணம். வறட்சிக்குப் பேர்போன நாட்டின் நடுவே வெள்ளத்தின் பெயர் தாங்கி ஓர் ஊர் நிற்கிறது!

கரையைப் பேணியது யார்? ஊரார் கூடிக் கரைக்கு மண்ணிடும் குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பாக எழுத்தில் வடித்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் கண்மாய்கள் அரசுக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பங்காயிற்று. மண்ணிடும் கைகள் விலகியதோடு கரையும் தேயத் தொடங்கிற்று என்பது நம் துணிபு. ஜமீன் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. அன்று மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த நீரில் பாயும் நிலம் ஒரு குழிகூட இருந்ததில்லை.

கரையில் யார் போகலாம் என்பதும் எப்போதும் எளிய கேள்வியாக இருந்ததில்லை. சைக்கிள் அதில் ஒரு மாறுதலைக் கொணர்ந்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பின்னர் அரசின் விலையில்லாச் சைக்கிள்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தன. மேலைநாட்டார் வரைந்த கிராவல் வரலாற்றில் இந்தப் பெண்களுக்கு ஒரு வரியேனும் இடம் உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

இனி, மரமும் பறவையும். இந்நாட்டின் இயல்பான மரங்கள் குடை விரித்த உடையும், நாட்டுக் கருவேலும், பனையும். 1877-இல் ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த சீமைக்கருவேலம் பின்னாளில் வயலையும் வரத்துக் கால்வாயையும் விழுங்கிற்று. கரிமூட்டம் போட்டு ஏழைகள் பிழைக்கவும் வழி தந்தது. நீர் நிறைந்த ஆண்டுகளில் கண்மாய் உள்வாயில் மூழ்கி நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும், நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இல் சரணாலயங்களாயின, மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் 1998-இல். முதலிரண்டும் 2022-இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இவையெல்லாம் இயற்கை ஏரிகளல்ல, பாசனக் கண்மாய்கள். மனிதன் வயலுக்காகத் தேக்கிய நீரில் பறவை குடியேறியது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட உத்தரவுகளையொட்டிச் சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி மும்முரமாயிற்று. அப்போது எந்த மரத்தில் கூடு இருந்தது என்று பொக்லைன் நின்று பார்த்திருக்குமா?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. அங்கு குடியிருக்க அனுமதி பெற்றவர், நிலவுரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர் போன்றோருக்கு விலக்கு அளிக்கிறது. கரைப்பாதை நெடுஞ்சாலை ஆகாது. வயலுக்கு மண்வெட்டியோடு சைக்கிளில் போகும் உழவருக்கு அங்கே உரிமை உண்டு. மதுரையிலிருந்து தலைக்கவசத்தோடு வரும் ஓட்டக்காரர் வனத்துறையின் அனுமதி கேட்டாக வேண்டும். இது முற்றிலும் நியாயம் என்பதே நம் கருத்து. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊரார்க்குமுன், மணி அடித்துக்கொண்டு கூட்டமாகப் போக வெளியூர்க்காரருக்கு என்ன உரிமை?

ஓட்ட விரும்புவோர் தை, மாசி மாதங்களைத் தேர்வது நலம். கரிசல் காய்ந்திருக்கும், கூடுகளில் குஞ்சுகளும் இருக்கும். கரையின் உட்புறம் இறங்காமல் தலைப்பிலேயே செல்ல வேண்டும். கருவேல முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. பஞ்சர் ஒட்டும் பொருள்களை மறக்கலாகாது. நல்ல மழை பெய்த ஆண்டாயின் கலுங்கில் நீர் வழிந்து பாதை இடையில் அறுபட்டிருக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடக்க நேரும். மழை பொய்த்த ஆண்டில் கலுங்கு வறண்டு கிடக்கும். இறங்காமலே ஓட்டிச் செல்லலாம். அந்த ஆண்டில் மரங்களில் கூடுகள் இரா.