விமானி அறைக் காட்சிக் கருவிகளில் மனிதக் காரணிகள்

விமானி அறைக் காட்சிக் கருவிகளை மனிதரின் பார்வை, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றின் எல்லைகளுக்கேற்ப வடிவமைப்பதை ஆராயும் இத்துறை, இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் வலுப்பெற்றது. விமானிகள் கருவிகளைத் தவறாகப் படித்த 270 நிகழ்வுகளைப் பால் ஃபிட்சும் ரிச்சர்டு ஜோன்சும் அமெரிக்காவில் 1947இல் பகுத்தாய்ந்தபோது, நூறு, ஆயிரம், பத்தாயிரம் அடிகளை ஒரே முகப்பில் மூன்று முட்களால் காட்டிய உயரமானி பெருங்குழப்பம் விளைவித்தது தெரியவந்தது. விமானியின் பிழை எனப்பட்டவற்றுள் பல உண்மையில் வடிவமைப்பின் பிழைகளே.

முட்களின் இடத்தைத் திரைகளும் எண்களும் பிடித்த பின்னரும் சிக்கல் தீரவில்லை, வடிவம் மாறியது. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் தானியங்கிப் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகத்தில், விமானி தேர்ந்தெடுத்த முறைக்கேற்ப, ஒரே சாளரம் இறங்கு கோணத்தையோ இறங்கு வேகத்தையோ காட்டியது: "-3.3" என்றால் 3.3 பாகை, "-33" என்றால் நிமிடத்துக்கு 3,300 அடி. முறையைச் சுட்டும் எழுத்துகள் பலகத்திலேயே இருந்தபோதிலும், எண்ணளவில் வேறுபாடு ஒரு புள்ளி மட்டுமே. 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் அருகே ஏர் இன்டர் விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்ததற்கு, எந்த முறை இயங்குகிறது என அறியாத இத்தகைய 'முறை மயக்கம்' காரணமாக இருந்திருக்கக்கூடும் என விசாரணையாளர்கள் கருதினர். பின்னர் இறங்கு வேகம் நான்கு இலக்கங்களில் முழுமையாகத் தெரியும்படி அச்சாளரம் மாற்றியமைக்கப்பட்டது.