நூரா, நோரா

அக்குறணையில் பாத்திமா நூரா என்று கூப்பிட்டால் அது நம் வீட்டுப் பெயர். நூர் என்றால் அறபியில் ஒளி. குர்ஆனின் 24ஆவது அத்தியாயத்துக்கே 'அந்நூர்' என்றுதான் பெயர். ஏழாம் நாள் அகீகாவில் வைக்கும் பெயருக்கு இதைவிட நல்ல பொருள் தேடவேண்டியதில்லை.

இதே ஓசை நோர்வேயிலும் உண்டு, நோரா என்று. அங்கே ஒளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலியனோரா என்ற நீண்ட பெயரின் வால்தான் நோரா. அந்த எலியனோராவும் ஸ்கண்டிநேவியச் சொல் அல்ல, தெற்கு பிரான்சிலிருந்து பரவியது. அதன் மூலப்பொருளில் அறிஞர்களுக்குள் இன்னும் இணக்கமில்லை. அயர்லாந்தின் நோராவோ வேறு வழி: 'மதிப்பு' என்ற லத்தீன் சொல்லில் பிறந்த ஹொனோராவின் சுருக்கம்.

நோராவை நாயகியாக்கி உலகறியச் செய்தவர் நோர்வே நாடகாசிரியர் இப்சன். அவரது 'பொம்மை வீடு' 1879இல் கொப்பன்ஹேகனில் மேடையேறியது. கணவனையும் பிள்ளைகளையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவளின் பெயரைக் குழந்தைக்கு வைக்க நம் மாமிமார் சம்மதிப்பார்களா, சந்தேகம்தான். நோர்வேக்காரர் தயங்கவில்லை, 2020இல் அங்கே பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் நோரா. ஃபின்லாந்தில் அதை இரட்டை 'ஓ' போட்டு எழுதுவதும் உண்டு. 2015இல் தொடங்கிய 'ஸ்காம்' என்ற நோர்வே தொலைக்காட்சித் தொடரின் நாயகி ஒருத்தியும் நூராதான்.

பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும்போது ஒற்றை 'ஓ' போட்டால் நோரா, இரட்டை போட்டால் நூரா. உம்மாவும் வாப்பாவும் பதிவாளரிடம் போகுமுன் அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.