அயன்: ஒரு சொல்லின் பயணம்

இலங்கை மலையகத்தின் லிந்துலையில், தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் 'அயன்' என்றதும் நினைவுக்கு வருவது துணி தேய்க்கும் பெட்டி. வெள்ளைச் சீருடையை நீட்டி "அயன் பண்ணித் தாங்கம்மா" என்று கேட்கும் பிள்ளை, அன்றைக்கே விஞ்ஞானப் பாடத்தில் வேறோர் அயனைப் படிக்கிறது. கோயிலில் தேவாரம் பாடினால் மூன்றாவது அயன் வருகிறான்: பிரமன்.

மூன்றும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் நின்றவை. பெட்டியின் பெயர் இரும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பிரமனின் பெயர் 'பிறவாதவன்' என்று பொருள்படும் வடமொழி 'அஜ'. ஜகரம் தமிழில் யகரமாயிற்று. பாடநூலின் அயனோ கிரேக்கம். கரைசலில் மின்முனை நோக்கி நகர்வனவற்றுக்குப் பெயர் தேடிய மைக்கேல் பரடேக்கு, 1834இல் வில்லியம் ஹியூவெல் எடுத்துக்கொடுத்த சொல் அது. பொருள்: செல்வது.

தமிழ்நாட்டார் அதை அயனி ஆக்கினார்கள். இலங்கையில் நாம் ஒலியை அப்படியே வாங்கிக்கொண்டோம். ஆனால் அந்நியச் சொல்லென்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உத்தராயணத்தில் உள்ள 'அயனம்' என்பதற்கும் செல்லுதல் என்றே பொருள். வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் பொதுவான பழைய வேர் ஒன்றிலிருந்து இரண்டும் கிளைத்தன. தைப்பொங்கலன்று கிழவர்கள் சூரியனுக்குச் சொன்னதையே பரடே துகளுக்குச் சொன்னார்.

இன்று அந்தத் துகள் விண்கலங்களை நகர்த்துகிறது. செனன் வாயுவின் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைக் கழற்றினால் அது அயனாகிறது. மின்புலம் அதைச் செக்கனுக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வீச, கலம் முன்னே போகிறது. கிடைக்கும் உந்தல் உள்ளங்கையில் ஒரு காகிதத்தாளை வைத்தாற்போலத்தான். ஆயினும் மாதக்கணக்காக ஓயாது தள்ளும். 2007இல் புறப்பட்ட நாசாவின் டோன் விண்கலம் இப்படித்தான் சிறுகோள் பட்டையிலுள்ள வெஸ்டாவையும் பின்னர் சீரிசையும் சென்றடைந்தது. இலங்கை உள்ளிட்ட அண்டை நாடுகளுக்காக 2017 மே 5இல் இந்தியா ஏவிய ஜிசாட்-9 செய்மதியிலும் செனன் உந்தி இருந்தது.

செனன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'அந்நியன்' என்று பொருள். 1948இன் குடியுரிமைச் சட்டம் எந்த மலையகத் தமிழரை இலங்கையில் அந்நியராக்கியதோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது.

விண்மீன்களுக்குப் போக இந்த அயன் போதாது. மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. 1960இல் அமெரிக்க இயற்பியலாளர் ரொபேர்ட் பசார்ட் வேறொரு வழி சொன்னார். எரிபொருளைச் சுமக்க வேண்டாம். மாபெரும் காந்தப்புலத்தை விரித்து, வழியிலுள்ள ஐதரசனை வாரி, அணுக்கருப் பிணைவில் எரித்துப் போகலாம். நிரையில் நடந்தபடியே கொழுந்தெடுத்துக் கூடையை நிரப்புவது போன்ற யோசனை. ஐதரசன் அயனாக இருந்தால்தான் காந்தப்புலத்துக்குப் பிடிபடும். பின்னர் வந்த கணக்குகளோ, அப்படி வாருவதே கலத்தை இழுத்துப் பிடித்துவிடும் என்றன. அந்த இழுவையையே தடுப்பாகக் கொண்டு, போய்ச்சேரும் இடத்தில் வேகம் குறைக்கலாமே என்று சிலர் இப்போது அதே காந்தப்புலத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.