மெழுகு வாங்கித் தந்த நிலம்

ஐந்தாறு வருடம் ஓவியம் படித்துவிட்டு வெளியே வரும் ஓர் இளைஞனுக்கு மறுநாள் காலையில் என்ன வேலை? 1960களின் தொடக்கத்தில், சென்னையில், இதற்குப் பதில்கள் கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். சினிமாவில் ஆர்ட் டைரக்டரிடம் உதவியாளராகச் சேரலாம். நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடலாம். ரெட்டப்ப நாயுடு போன்ற பெரிய ஓவியரே அங்கேதான் வேலை பார்த்தார். ஓவியனாகவே இருந்து பிழைக்க மட்டும் வழி கிடையாது. படங்களை வைத்து விற்கும் காலரிகள் அநேகமாக இல்லை. காசு கொடுத்துப் படம் வாங்கி வீட்டில் மாட்டும் வழக்கம் வசதி உள்ளவர்களிடமே அபூர்வம். நல்ல கை உள்ள பிள்ளைகள்கூட இரண்டு மூன்று வருடத்தில் தூரிகையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

இதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல், இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிக்கு முதல்வரானவர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தி, தந்தி இலாகாவில் வேலை பார்த்து, இருபத்தைந்து வயதுவாக்கில்தான் ஓவியம் படிக்க வந்து சேர்ந்தார். வயிற்றுப்பாடு கலையை எவ்வளவு காலம் தள்ளிப்போடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, இளையவர்களின் படங்களைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர். ஆனால் கண்காட்சி ஒரு வாரம் நடக்கும், பாராட்டும் கிடைக்கும். எட்டாம் நாள் படங்கள் சுருட்டியபடி வீட்டுக்குத் திரும்பும்.

அவர் கண்ட வழி அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியபோதே அது கைத்தொழில் சொல்லித்தரும் இடம். மண்பாண்டம், உலோக வேலை, துணி வேலை என்று ஒரு நூற்றாண்டுப் பழக்கம் அங்கே இருந்தது. பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாளின் ஒரு பகுதியில் விற்கக்கூடிய கைவினைப் பொருள் செய்வது, மீதி நேரத்தில் யாருக்கும் தலைவணங்காமல் படம் வரைவது. அதற்காக ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்றைக் கூட்டாக அமைத்தார்கள்.

முதலில் கைகொடுத்தது பாத்திக். வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, உருக்கிய மெழுகைத் தூரிகையால் தொட்டு வரைய வேண்டும். மெழுகு ஆறுவதற்குள் கோடு முடிந்துவிட வேண்டும். தயங்கினால் சொட்டும், அழிக்கவும் முடியாது. பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். காயவைத்து, மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்து சிவப்பு, அதற்கும் அடுத்து கறுப்பு. கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றும்போதுதான் மொத்தப் படமும் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் இறங்கி, நரம்பு நரம்பாக மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும். சென்னை ஓவியர்கள் என்றாலே கோட்டுக்குப் பேர்போனவர்கள் என்பார்கள். தயங்க இடம் தராத இந்த மெழுகுக்கும் அந்தக் கோட்டின் உறுதியில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பாத்திக் விற்றது. படம் வாங்காத வீடுகள் துணி வாங்கின. விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். அந்தச் சேமிப்பில், நகரத்துக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் வழியில், ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரம் எட்டு பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. நிலமும் வீடும் யாரும் தானமாகத் தந்ததில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னைப் பெருமைப்பட வைக்கிறது.

அப்போது அது ஊர்க்கோடிக்கும் அப்பால். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை வர இன்னும் பல வருடம் இருந்தது. முதலில் கீற்றுக் கொட்டகைகள். பிறகு கையில் காசு சேரச் சேர, அவரவர் திட்டப்படி வீடுகளும் பட்டறைகளும். எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், பி. கோபிநாத், எம். சேனாதிபதி, பி.எஸ். நந்தன், கே.வி. ஹரிதாசன், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் என்று பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களோடு மூத்தவரான சுல்தான் அலி. சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் செம்புத் தகடு தட்டும் சத்தமும் சேர்ந்தது. ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் குறை சொல்ல அக்கம்பக்கத்திலேயே ஆள் இருந்தது. ஓர் இளம் ஓவியனுக்குப் பணத்துக்கு அடுத்துத் தேவைப்படுவது அதுதான். பாரதியின் பெயரில் திறந்தவெளி அரங்கம் ஒன்றும் எழுந்தது. நாடகமும் கவிதையும் நடனமும் அங்கே வந்தன.

கே. ராமானுஜத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வராது. சரியாகப் பேச வராது, மனநோயும் வாட்டியது. பாடத்திட்டத்துக்குள் அடங்காத மாணவர். பணிக்கர் அவரை விட்டுவிடவில்லை. மணலுக்கு நடுவே அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே அவர் வரைந்ததெல்லாம் ஒரு கனவு நகரம்: மாடமாளிகைகள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், தேவ கன்னியர், அவர்களுக்கு நடுவே தொப்பி போட்ட சிறிய மனிதராக அவரே. கன்னிமரா ஓட்டலுக்காகப் பெரிய படங்கள் வரைந்தார். 1973இல், முப்பதை ஒட்டிய வயதிலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கிராமத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வேறெந்த இடத்திலும் அவர் ஓவியராக அந்தச் சில ஆண்டுகள்கூட வாழ்ந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கைவினை செய்தால் கலை மழுங்கிவிடும் என்ற பயம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நந்தகோபாலின் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராது. தட்டி வளைத்துப் பற்றவைத்த செம்பில், உற்சவமூர்த்தியின் திருவாசியும் நாட்டார் தெய்வத்தின் மிடுக்கும் ஒன்றாக நிற்கும். பட்டறையில் பழகிய கைதான் அதைச் செய்தது.

பணிக்கர் 1977இல் மறைந்தார். நகரம் கிராமத்தைத் தாண்டிப் போய்விட்டது. வேலிக்கு வெளியே ஒரு கிரவுண்ட் நிலம் வாங்க இன்று எந்த இளம் ஓவியராலும் முடியாது. படங்களுக்கு விலை கிடைக்கத் தொடங்கியதும் பாத்திக்கின் தேவையும் குறைந்தது. 2009இல் வளாகத்துக்குள், இந்த ஓவியர்கள் சேர்ந்து வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்; கிராமத்தை நெடுங்காலம் நடத்திய நந்தகோபாலின் உழைப்பு அதில் பெரிது. அவரும் 2017இல் காலமானார். அருங்காட்சியகத்தை ஒட்டியே சிறிய காலரிகளும் உண்டு. வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் அவற்றில் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் கண்காட்சி வைக்கும் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். போகிறவர்கள் சுவரில் உள்ள படத்தோடு திரும்பிவிடாமல், விலைப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.