இருவரும் காத்திருந்தால்

ஆபீஸ் சர்வரில் இருக்கும் சின்னக் கோப்பு திறக்கவே நேரமானால், புது சர்வர் கேட்டு எழுதுவார்கள். கோளாறு சில சமயம் நாற்பது வருடம் பழையது.

1984-இல் அமெரிக்காவின் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் ஜான் நேகிள் ஒரு விதி செய்தார். ஓர் எழுத்தை அனுப்பக்கூட முகவரி உள்ளிட்ட 40 பைட் தலைப்பு தேவை. அதனால், முன்பு அனுப்பியதற்கு ரசீது வரும்வரை சில்லறைத் தகவல்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். கோவில்பட்டியில் தீப்பெட்டியை ஒவ்வொன்றாகவா லாரியில் ஏற்றுகிறோம்? பண்டல் கட்டித்தானே!

வாங்கும் கணினியும் அதே காலத்தில் ஒரு சிக்கனம் பழகியது. ரசீதை வேறு பதிலோடு சேர்த்து அனுப்பலாமென்று, பெரும்பாலும் 200 மில்லி நொடி வரை பொறுத்திருக்கும்.

தனித்தனியே இரண்டும் நல்லவைதான். சேர்ந்தபோதுதான் வினை. ரசீது வராமல் இவர் மீதியை அனுப்ப மாட்டார். மீதி வருமென்று அவர் ரசீதை நிறுத்தி வைப்பார். இப்படி 100 தடவை நின்றால் 20 நொடி போச்சு.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கிய கோப்புப் பகிர்வு மென்பொருள் சாம்பா. அது பின்னாளில் நேகிள் விதியை இயல்பாகவே விலக்கி வைத்தது. அமைப்பில் ஒரே வரி; காசு செலவில்லை.

குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கோப்பு தேங்கினால், ஆள் போதாது என்று எழுதுமுன், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.